லாத்வியா: ஒரு பெயரும் அதன் வேற்றுமைகளும்

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் இருவகைப்படுத்தும் மரபைத் தமிழ் மாணாக்கர் இளம் வகுப்புகளிலேயே கற்றுவிடுகின்றனர். பறவை, முக்காலி போன்ற சொற்களுக்குக் காரணம் காட்டுதல் எளிது. நாடுகளின் பெயர்களை எடுத்துக்கொண்டால் அப்பகுப்பு அத்துணை எளிதாக அமைவதில்லை. ஒரு காலத்தில் காரணத்தோடு பிறந்த பெயர், காரணம் மறந்துபோய் இடுகுறியாக நின்றுவிடுவதுண்டு. அதனினும் வியப்புக்குரியது, பெயரிட்டவர் அந்நாட்டவராக இல்லாமல் அயலாராக இருப்பது. ஒரு மக்கள் கூட்டம் தன்னை ஒரு பெயரால் அழைத்துக்கொள்ள, அண்டையில் வாழ்வோர் முற்றிலும் வேறான பெயரால் அதனைச் சுட்டுவர். இவ்வியல்பைத் தெளிவுற விளக்கவல்ல மொழிகளுள் ஒன்று, பால்டிக் கடலின் கீழ்க்கரையில் வழங்கும் லாத்விய மொழியாகும்.

லாத்வியா ஏறத்தாழ 64,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு நாடு. வடக்கே எஸ்தோனியா, தெற்கே லித்துவேனியா, கிழக்கே ரஷ்யாவும் பெலாருசும் அதன் எல்லைகள். தலைநகர் ரீகா. அங்கு வழங்கும் மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பால்டிக் கிளையைச் சேர்ந்தது. இன்று பேச்சு வழக்கில் உள்ள அதன் உடன்பிறந்த மொழி லித்துவேனியம் ஒன்றே. இந்நாட்டு மக்கள் அம்மண்ணில் பன்னூறு ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். எனினும், நாடு முழுவதையும் குறிக்கும் பெயராக 'லாத்வியா' என்னும் சொல் அவர்தம் வாயில் வழங்கத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரேயாம். அதற்கு முன்னர் அந்நிலம் பெயரற்றிருந்ததா? இல்லை. பெயர்கள் பல இருந்தன. அவற்றுள் எதுவும் முழுமையான பெயராக இல்லை என்பதே உண்மை.

12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பகுதியில் ஐந்து இனக்குழுவினர் வாழ்ந்தனர். கூர்கள், செம்கலர், சேலர், லத்கலர் ஆகிய நால்வரும் பால்டிக் மொழி பேசியோர். ஐந்தாமவரான லிவ் மக்கள் எஸ்தோனிய மொழியோடு உறவுடைய வேறொரு மொழி பேசியவர். ரீகா வளைகுடாவின் கரைகளிலும் தௌகவா ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் அவர்கள் குடியிருந்தனர். 1180-களில் மைன்ஹார்ட் என்னும் ஜெர்மானியத் துறவி சமயம் பரப்பும் நோக்கத்தோடு அவ்வாற்றின் வழியே வந்து சேர்ந்தார். 1201-இல் ஆல்பர்ட் ஆயர் ரீகா நகரை நிறுவினார். கடல்வழி வந்த ஜெர்மானியர் முதலில் கண்டது லிவ் மக்களையே. ஆகவே அவர்கள் கால்வைத்த நிலம் முழுவதற்கும் 'லிவ்லாண்டு', அதாவது லிவ் மக்களின் நாடு, என்னும் பெயர் நிலைத்தது. இலத்தீனில் அது 'லிவோனியா' ஆயிற்று. லிவ் மக்களைக் கண்ணாலும் கண்டிராத உள்நாட்டு ஊர்களும் அப்பெயரால் அழைக்கப்பட்டன. வாயிற்படியில் நின்றவனின் பெயரை வீட்டுக்கே சூட்டிய கதை இது.

அக்காலத்து நிகழ்ச்சிகளை 1220-களில் இலத்தீனில் எழுதிவைத்தவர் லிவோனியாவின் ஹென்றி எனப்படும் பாதிரியார். அவரது நாளாகமத்தில் 'லெத்தி' என்னும் பெயர் அடிக்கடி இடம்பெறுகின்றது. லத்கலரையே அவர் அவ்வாறு குறித்தார். ரஷ்ய நாளாகமங்களில் அதே மக்கள் 'லெத்கோலா' என வருகின்றனர். 'லத்' என்னும் அடியே இன்றைய நாட்டுப்பெயரின் வேர். அவ்வேர் ஓர் ஆற்றின் பெயரிலிருந்து கிளைத்திருக்கலாம் என மொழிநூலார் சிலர் கருதுவர். முடிந்த முடிபு ஏற்படவில்லை. 'கலெ' என்னும் பின்பகுதியை முனை, எல்லை எனப் பொருள்படும் சொல்லோடு தொடர்புபடுத்துவர். எனவே லத்கலெ என்பது 'லத் மக்களின் எல்லைப்புறம்' என்று பொருள் தரும்.

எல்லைப்புறம் என்னும் இச்சொல்லை இங்கே அழுத்திக் கூறுதல் தகும். பால்டிக் கரையில் நாடுகள் பெயர்பெற்ற முறைக்கு அதுவே திறவுகோல். ஓர் இனத்தார் அண்டை நாட்டுக்குப் பெயரிடும்போது அந்நாட்டின் தலைநகரையோ அரசனையோ நோக்கவில்லை. வேலிக்கு அப்பால் எந்தக் குழுவினர் குடியிருந்தனரோ அவர்தம் பெயரையே எடுத்துக்கொண்டனர். எஸ்தோனியர் தங்கள் நாட்டை 'ஏஸ்தி' என்பர். லாத்விய மொழியிலோ அதன் பெயர் 'இகௌனிய'. லத்கலரின் வடக்கெல்லையை ஒட்டி, இன்றைய தார்த்து நகரைச் சூழ்ந்த பகுதியில், பண்டு உகண்டி என்னும் எஸ்தோனிய நாட்டுப்பிரிவு ஒன்று இருந்தது. இலத்தீன் நாளாகமத்தில் அது 'உகௌனியா' எனப்படும். அந்த ஒரு பிரிவின் பெயரே லாத்வியர் வாயில் எஸ்தோனியா முழுவதற்கும் உரியதாகிவிட்டது. எஸ்தோனியரும் சளைத்தவரல்லர். அவர்கள் தங்களுக்கு அடுத்திருந்த லத்கலரின் பெயரைக் கொண்டு தென்னாடு முழுவதையும் 'லாத்தி' என்றனர். கடலுக்கு அப்பாலிருந்த பின்லாந்தியர் எஸ்தோனியாவை 'வீரோ' என்பர். அது எஸ்தோனியாவின் வடகிழக்குக் கரையில் அமைந்த வீருமா என்னும் வட்டாரத்தின் பெயர். ஆகவே ஒரே எஸ்தோனியா தெற்கிலிருந்து நோக்குவோர்க்கு உகண்டியாகவும் வடக்கிலிருந்து நோக்குவோர்க்கு வீருவாகவும் காட்சியளித்தது.

ரஷ்யாவுக்கு லாத்விய மொழி வழங்கும் பெயர் இன்னும் சிறந்த சான்று. உலக மொழிகள் பலவும் 'ரூஸ்' என்னும் அடியிலிருந்து அந்நாட்டின் பெயரை ஆக்கிக்கொண்டன. லாத்வியர் மட்டும் அதனைக் 'க்ரியெவிய' என்கின்றனர். லத்கலருக்குக் கிழக்கே பிஸ்கோவ், போலாத்ஸ்க் பகுதிகளில் கிரிவிச்சி என்னும் சிலாவிய இனக்குழுவினர் வாழ்ந்தனர். இடைக்காலத்திலேயே அக்குழு தன் தனியடையாளத்தை இழந்து பிறரோடு கலந்துவிட்டது. ரஷ்யர் தம் வீட்டில் கிரிவிச்சி என்னும் பெயரைச் சொல்லி ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வதில்லை. எனினும் பசிபிக் பெருங்கடல் வரை பரந்து கிடக்கும் ஒரு பெருநாட்டை, மறைந்துபோன அச்சிறு குழுவின் பெயராலேயே லாத்வியச் சிறுவன் இன்றும் பள்ளியில் எழுதப் பழகுகிறான். பெலாருசுக்கு வழங்கும் 'பால்ட்க்ரியெவிய' என்னும் பெயரும் அவ்வடியில் பிறந்ததே. 'வெண்' என்னும் அடைமொழி மட்டும் முன்னே சேர்ந்துள்ளது. ஜெர்மனியின் பெயரான 'வாத்ஸிய' இவ்வரிசையில் சற்று விலகி நிற்கின்றது. அதன் பிறப்பைக் குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை.

அண்டை நாடுகளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்த அம்மக்களுக்குத் தம் நாட்டிற்கென ஒரு பெயர் இல்லாமற் போனதற்குக் காரணம் அரசியலே. 18-ஆம் நூற்றாண்டில் அந்நிலம் துண்டுதுண்டாக ரஷ்யப் பேரரசின் கைக்கு வந்தது. சுவீடனிடமிருந்து வடபகுதி 1721 உடன்படிக்கையால் உறுதியாயிற்று. போலந்து பிரிக்கப்பட்டபோது 1772-இல் கிழக்குப் பகுதியும், 1795-இல் மேற்கே கூர்லாந்தும் சேர்ந்தன. வடபகுதி லிவ்லாண்டு மாநிலத்திலும், மேற்குப் பகுதி கூர்லாந்து மாநிலத்திலும், கிழக்கே லத்கலெ வித்தெப்ஸ்க் மாநிலத்திலும் அடங்கின. உழவர் தம் வட்டாரத்தை 'விட்செமெ', 'கூர்செமெ' என்றனர். 'செமெ' என்றால் நிலம். முன்னது நடுநிலம், பின்னது கூர்களின் நிலம். வட்டாரத்துக்குப் பெயர் உண்டு, முழுமைக்கு இல்லை. லத்கலெயின் நிலை நகைப்புக்கும் வருத்தத்திற்கும் உரியது. 'லத்' என்னும் வேரை வழங்கிய அப்பகுதியைப் போலந்தியர் 'இன்ஃப்லாந்தி' என்றனர். அச்சொல் 'லிவ்லாண்டு' என்பதன் திரிபு. லத்கலர் தம் சொந்தப் பெயரை இழந்து, கடற்கரை லிவ் மக்களின் பெயரைச் சுமந்து நின்றனர்.

நிலக்கிழார்கள் ஜெர்மானியர், பாதிரிமார் ஜெர்மானியர், நகர வணிகரும் பெரும்பாலும் ஜெர்மானியர். அவர்கள் உழவரை 'லெத்தன்' என்று இனப்பெயரால் குறித்ததுண்டு. ஆனால் பழைய ஆவணங்களில் மிகுதியாகக் காணப்படும் சொல் 'உன்டாய்ச்' என்பது. 'ஜெர்மானியர் அல்லாதார்' என்று அதற்குப் பொருள். எதிர்மறையால் ஒரு மக்களுக்குப் பெயரிட்டனர். கூர்லாந்தில் 1817-இலும் லிவ்லாண்டில் 1819-இலும் பண்ணையடிமை முறை ஒழிந்தது. லத்கலெ 1861 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. விடுதலை பெற்ற உழவர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் உயர்கல்வி பெறத் தொடங்கினர். கல்வி பெற்றவன் ஜெர்மானியனாகவே மாறிவிடுவான் என்பது அக்கால எதிர்பார்ப்பு. லாத்வியனாகவும் படித்தவனாகவும் ஒருங்கே இருத்தல் இயலாது என்று கருதப்பட்டது.

அந்நிலையில்தான், 1854-இல் தார்த்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கிரிஷ்யானிஸ் வால்தெமார்ஸ் என்னும் மாணவர் தம் அறைக் கதவில் பெயர்ச்சீட்டு ஒன்றை ஒட்டினார். தம் பெயருக்குப் பின் 'லத்வியெதிஸ்', அதாவது லாத்வியன், என்று ஒரே ஒரு சொல்லை அதில் சேர்த்திருந்தார். இன்று நோக்குவோர்க்கு அது சிறு செயலாகத் தோன்றலாம். உழவர் குடிக்குரிய பெயரைப் பல்கலைக்கழகக் கதவில் எழுதுதல் அன்று எவரும் எண்ணிப் பாராதது. வால்தெமார்சும் யூரிஸ் அலுனான்ஸ், கிரிஷ்யானிஸ் பாரொன்ஸ் முதலிய தோழரும் 1862 முதல் 1865 வரை 'பேத்தர்பூர்க்கஸ் அவீஸெஸ்' என்னும் இதழைத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து நடத்தினர். ஜெர்மானியப் பாதிரியார் ஒருவர் ஏளனமாகச் சூட்டிய 'இளம் லாத்வியா' என்னும் பெயரே அவ்வியக்கத்தின் பெருமைப் பெயராயிற்று. அவர்கள் மொழிக்குப் புதுச்சொற்களை ஆக்கினர். அறிவியலையும் புவியியலையும் உழவர் மொழியில் எழுத முடியும் என மெய்ப்பித்தனர். லத்கலெ, விட்செமெ, கூர்செமெ என்று சிதறிக் கிடந்ததை ஒருசேரச் சுட்ட 'லாத்வியா' என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது அக்காலத்தேயாகும். நிலப்படத்தில் அப்படி ஒரு நாடு அப்போது இல்லை. பெயர் முன்னே பிறந்தது. நாடு பின்னே வந்தது.

அப்பெயர் பொதுமக்கள் நாவில் ஏறக் காரணமாயிருந்தவர் ஓர் ஆசிரியர். பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய கார்லிஸ் பௌமானிஸ் இயற்றி இசையமைத்த பாடல் 1873-இல் ரீகாவில் நடந்த முதல் லாத்தியப் பாட்டு விழாவிற்கென உருவானது. அதன் தலைப்பு 'தியெவ்ஸ், ஸ்வேத்தி லத்வியு'. இறைவனே, லாத்வியாவை வாழ்த்துவாயாக என்பது பொருள். ரஷ்ய அரசின் தணிக்கையாளர் பாடலிலிருந்த நாட்டுப்பெயரைப் பொறுக்கவில்லை. 'லாத்வியா' என்ற சொல் நீங்கி 'பால்டியா' என்ற பொதுச்சொல் அவ்விடத்தில் அமர நேர்ந்தது. கடவுளை வேண்டுவதில் அரசுக்குத் தடையில்லை. எந்நாட்டிற்காக வேண்டுவது என்பதிலேயே தடை. அப்பாடலே 1920-இல் நாட்டுப்பண்ணாக ஏற்கப்பட்டது. சோவியத் ஆட்சிக் காலத்தில் விலக்கப்பட்டது. 1990-இல் மீண்டும் நாட்டுப்பண்ணாயிற்று.

அத்தலைப்பில் 'லத்வியு' என்று உகரத்தில் முடியும் வடிவைக் கூர்ந்த மாணாக்கர் கவனித்திருப்பர். அது இரண்டாம் வேற்றுமை வடிவம். இவ்விடத்தில் அப்பெயரின் இலக்கணத்தைச் சற்று விரித்துரைத்தல் பொருந்தும். ஏனெனில் தமிழ் கற்றோர்க்கு லாத்விய வேற்றுமைகள் அயலாகத் தோன்றா. லாத்வியப் பள்ளி இலக்கணம் மரபாக ஏழு வேற்றுமைகளைக் கூறும், தமிழில் எட்டு. நாட்டுப்பெயர் எழுவாயாக நிற்கும்போது 'லத்விய'. ஈற்று அகரம் குறில். முதலசையிலுள்ள அகரமும் குறிலே. அழுத்தம் முதலசை மேல். உடைமைப் பொருளில் அது 'லத்வியஸ்' ஆகும். கொடைப்பொருளில், தமிழின் 'கு' உருபு வரவேண்டிய இடத்தில், 'லத்வியை' என ஐகார ஒலியோடு முடியும். தமிழில் செயப்படுபொருளைக் காட்டும் ஐ, அங்கே நான்காம் வேற்றுமைக்குரிய ஒலியாய் அமைந்தது தற்செயலான ஒப்புமை; அதனைக் கொண்டு இரு மொழிக்கும் உறவு கற்பித்தல் கூடாது. செயப்படுபொருளில் 'லத்வியு'. இதன் ஈற்றுகரம் குற்றியலுகரமன்று, முழுமையாக ஒலிக்கும். 'ஓடு' என்னும் பொருளுக்கு 'அர்' என்ற சிறு சொல் பெயருக்கு முன்னே வரும். பெயரோ 'லத்வியு' என்றே நிற்கும்.

இனி இடப்பொருள். தமிழில் 'இல்', 'கண்' முதலிய உருபுகளைச் சேர்க்கின்றோம். லாத்விய மொழியில் ஈற்றுக் குறிலை நெடிலாக்கினால் போதும். வேறு எதுவும் வேண்டா. 'லத்விய' என்றால் நாடு. 'லத்வியா' என்றால் நாட்டில். 'ரீக' என்றால் நகர்; 'ரீகா' என்றால் நகரில். குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வேறுபாடு பொருளையே மாற்றும் என்பதைக் கல், கால் என்னும் சொற்களால் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் வழியே கற்றவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் செவியில் படாது. பழைய லாத்திய நூல்களின் முகப்பேட்டில் பதிப்பித்த ஊரின் பெயர் இவ்வடிவிலேயே அச்சாகியிருக்கும். ஈற்று நெடிலைக் காட்ட எழுத்தின் தலைமேல் கூரை போன்ற ஒரு குறியை இட்டனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்துச் சீர்திருத்தம் நடைபெற்றபோது, மொழியறிஞர் கார்லிஸ் மீலென்பாக்ஸ், யானிஸ் எந்த்செலீன்ஸ் ஆகியோரின் வழிகாட்டலால் நெடில்களுக்கெல்லாம் தலைக்கோடு இடும் முறை நிலைபெற்றது.

தமிழில் 'லாத்வியா' என எழுதும் வழக்கம் முதலசையையும் ஈற்றசையையும் நீட்டிவிட்டது. ஈற்று நெடிலோடு ஒலிப்பதைக் கேட்கும் லாத்வியர்க்கு அது 'லாத்வியாவில்' என்பதுபோலவே படும். தூய தமிழ் மரபைப் போற்றுவோர் லகரம் மொழிமுதல் வாராது எனக் கருதி 'இலாத்வியா' என்றும் எழுதுவர். இதில் குறைகாண ஒன்றுமில்லை. அயற்சொல் தன் மொழிக்குள் நுழையும்போது தன் மொழியின் உடையை உடுத்த வேண்டும் என்பது தொல்காப்பியர் காலம் முதலே தமிழ் கொண்ட நெறி. லாத்விய மொழியும் அந்நெறியில் உறுதியானது. தமிழ் முன்னே இகரம் சேர்க்கும். லாத்வியம் பின்னே ஈறு சேர்க்கும்.

அயல்நாட்டுப் பெயர் எதுவாயினும் அதற்கு ஒரு பாலும் ஈறும் வேண்டும். இல்லையேல் வேற்றுமை ஏற்க முடியாது. நாட்டுப்பெயர்களில் மிகப் பெரும்பாலானவை பெண்பால். பண்டு 'செமெ' என்னும் நிலச்சொல்லைச் சேர்த்து 'வாத்ஸெமெ', 'க்ரியெவ்ஸெமெ' என்று வழங்கிய பெயர்கள் பின்னர் 'இய' ஈறு பெற்று 'வாத்ஸிய', 'க்ரியெவிய' ஆயின. பிரான்சு 'ப்ரான்ஸிய', இந்தியா 'இந்திய', ஜப்பான் 'யப்பான'. மலேசியாவின் பெயர் 'மலைஸிய' என ஒலிக்கும். அதில் மலை என்னும் சொல்லைக் கேட்டுத் தமிழர் மகிழலாம். சிங்கப்பூர் 'சிங்கபூர' ஆகும். ஈற்றில் அகரம் சேர்த்தது லாத்விய இலக்கணமே; எனினும் அது, தெரிந்தோ தெரியாமலோ, 'புர' என்னும் வடமொழிச் சொல்லின் பழைய ஓசையை மீட்டுத் தந்துவிட்டது. பெரு, டோகோ போன்ற சில பெயர்கள் மட்டும் எவ்வீற்றையும் ஏற்காமல் எல்லா வேற்றுமையிலும் ஒரே வடிவில் நிற்கும்.

ஆடவர் பெயர்க்கு 'ஸ்' ஈறு. ஷேக்ஸ்பியரும் 'ஷெக்ஸ்பீர்ஸ்' என்றே அழைக்கப்படுவார். இந்நெறி புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. ஜெர்மானியர் ஒருவரை மணந்த லாத்தியப் பெண்மணி, கடவுச்சீட்டில் தம் கணவரின் குடும்பப்பெயர் லாத்திய முறையில் மாற்றி எழுதப்பட்டதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றார். 2004-இல் அந்நீதிமன்றம் அவர் முறையீட்டை ஏற்க மறுத்தது. ஈறின்றி வேற்றுமை இல்லை. வேற்றுமையின்றி வாக்கியம் இல்லை என்னும் லாத்தியரின் வாதத்தில் பொருள் உண்டு. தன் பெயரைத் தான் எழுதும் வண்ணமே பிறரும் எழுத வேண்டும் என்று கேட்ட அம்மையாரின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை.

இனி, இப்பெயரின் இலக்கணத்தில் மிக ஆழமான இடத்திற்கு வருவோம். அது ஆறாம் வேற்றுமை. லாத்விய மொழியில் நாட்டுப்பெயரிலிருந்து உரிச்சொல் ஆக்கிப் பெயர்முன் வைப்பதைவிட, தமிழைப் போலவே உடைமைப் பொருளிலுள்ள பெயரை முன்னே வைப்பதே இயல்பு. ஆனால் எந்தப் பெயரை வைப்பது? நாட்டின் பெயரை வைத்தால் 'லத்வியஸ்', அதாவது லாத்வியாவின். மக்களின் பெயரை வைத்தால் 'லத்வியெஷு', அதாவது லாத்தியர்களின். 'லத்வியெதிஸ்' என்னும் ஒருமை, பன்மையில் தகரம் திரிந்து 'லத்வியெஷி' ஆகும்; அதன் ஆறாம் வேற்றுமையே 'லத்வியெஷு'. தமிழில் 'லாத்வியப் பல்கலைக்கழகம்', 'லாத்திய மொழி' என ஏறக்குறைய ஒன்றுபோல் சொல்லிச் சென்றுவிடலாம். லாத்வியத்தில் அவ்வாறு இயலாது. பல்கலைக்கழகமும் வங்கியும் நாட்டினுடையவை. அவற்றின் முன் 'லத்வியஸ்' வரும். மொழி மக்களுடையது, அதன்முன் 'லத்வியெஷு' வரும். 1868-இல் ரீகாவில் தொடங்கிய புகழ்பெற்ற லாத்தியர் சங்கத்தின் பெயரில் 'லத்வியெஷு' உள்ளது. அன்று நாடு இல்லை, மக்களே இருந்தனர். 1894 முதல் 1915 வரை பாரொன்ஸ் வெளியிட்ட 217,996 நாட்டுப்பாடல்களின் பெருந்தொகுப்பு 'லத்வியு தைனஸ்' எனப் பெயர்பெற்றது. அங்குள்ள 'லத்வியு' நாட்டுப்பெயரின் இரண்டாம் வேற்றுமை அன்று. 'லத்விஸ்' என்னும் செய்யுள் வழக்கு இனப்பெயரின் ஆறாம் வேற்றுமைப் பன்மை. எழுத்தில் இரண்டும் சிறிது வேறுபடும். செவிக்கு மிக நெருங்கியவை.

இவ்விரு ஆறாம் வேற்றுமைகளுக்கு இடையிலான இடைவெளியில் பல இலட்சம் மக்களின் வாழ்க்கை அடங்கியுள்ளது. லாத்வியாவில் வாழும் ரஷ்யரை 'லத்வியஸ் க்ரியெவி' எனலாம். 'லத்வியெஷு' என அவர்முன் சேர்க்க முடியாது. நாடு அவருடையதாகலாம், இனம் அவருடையதன்று. 1917-இல் லத்கலெ மக்கள் ரெஸெக்னே நகரில் கூடி ஏனைய பகுதிகளோடு இணைய முடிவு செய்தனர். 1918 நவம்பர் 18-ஆம் நாள் ரீகாவில் லாத்வியக் குடியரசு அறிவிக்கப்பட்டது. 1922-இல் இயற்றப்பட்ட அரசமைப்பு, நாட்டின் இறைமை யாருக்குரியது என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'லத்வியஸ் தௌத்த', லாத்வியாவின் மக்கள், என்று வரைந்தது. 'லத்வியெஷு' என்று எழுதவில்லை. ஜெர்மானியரும் யூதரும் ரஷ்யரும் போலந்தியரும் அந்த ஓர் ஈற்றினால் மக்களுள் அடங்கினர். அந்நாட்டை நிறுவியோர் ஆற்றிய செயல்களுள் இது சிறந்தது எனலாம்.

1940-இல் சோவியத் ஒன்றியம் நாட்டைக் கைப்பற்றியது. பெயர்ப்பலகையில் 'லத்வியஸ்' மாறாமல் நின்றது. அதன் பின்னே வந்த சொற்கள் மாறின. நாடுகடத்தலும் போரும் புலம்பெயர்வும் குடியேற்றமும் மக்கள்தொகையை உருமாற்றின. 1935-இல் நான்கில் மூன்று பங்கினராக இருந்த லாத்தியர், 1989 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 52 பேராகக் குறைந்திருந்தனர். தம் நாட்டிலேயே தம் மொழி சமையலறை மொழியாகிவிடுமோ என்னும் அச்சம் அவர்களைப் பற்றியது. 1988 அக்டோபரில் லாத்திய மொழி அரசு மொழியாக அறிவிக்கப்பட்டதும், 1991-இல் விடுதலை மீண்டபின் குடியுரிமையை 1940-க்கு முன்னைய குடிமக்களுக்கும் அவர்தம் வழியினருக்கும் மட்டுமே உரியதாக்கியதும் அவ்வச்சத்தின் விளைவுகள். 1995-இல் 7 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் 'குடிமக்கள் அல்லாதார்' என்னும் நிலையில் இருந்தனர். பின்னர் அத்தொகை பெரிதும் குறைந்தது. ஒரு காலத்தில் எதிர்மறைப் பெயரால் அழைக்கப்பட்டு வருந்திய மக்களின் நாட்டில் இன்னோர் எதிர்மறைப் பெயர் பிறந்ததை வரலாறு குறித்துவைத்துள்ளது.

2014-இல் அரசமைப்பிற்குப் புதிய முகவுரை ஒன்று சேர்க்கப்பட்டது. அதில் 'லத்வியெஷு' என்னும் சொல் இடம்பெற்றது. நாடு லாத்திய இனத்தின் நிலைபேற்றையும் மொழியையும் காக்கவேண்டியது என அம்முகவுரை உரைக்கின்றது. இறைமையைக் கூறும் பழைய விதியிலோ 'லத்வியஸ் தௌத்த' அப்படியே உள்ளது. இரண்டு ஆறாம் வேற்றுமைகளும் இன்று ஒரே ஆவணத்தில் அருகருகே வாழ்கின்றன. முகவுரையில் மூன்றாவதாக இன்னோர் ஆறாம் வேற்றுமையும் உண்டு: 'லீபியெஷு', அதாவது லிவ் மக்களின். லாத்வியாவின் அடையாளத்தைத் தொன்றுதொட்டு உருவாக்கியவற்றுள் லாத்தியரின் மரபுகளோடு லிவ் மக்களின் மரபுகளும் அடங்கும் என அது கூறுகின்றது. எழுநூறு ஆண்டுகள் ஒரு நாட்டிற்கே தம் பெயரை ஈந்த அம்மக்கள், கூர்செமெயின் வடமுனையில் சில மீன்பிடி ஊர்களில் சுருங்கிப்போயிருந்தனர். அவர்தம் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய இறுதியானவர் எனக் கருதப்படும் கிரிஸெல்தா கிரிஸ்தீன்யா, முகவுரை நிறைவேறுவதற்கு ஓராண்டு முன்னர், 2013 ஜூனில் கனடாவில் தம் 103-ஆம் வயதில் காலமானார்.